மகளிர் பெட்டியில் ஒரு முதுகலைப் படிப்பு

மக்கள் தொடர்பு நிறுவனங்களில் அண்மைக்காலம் வரை ‘கிளிப்பிங் ஃபைல்’ என்றொரு பொருள் தவறாமல் இருந்துவந்தது. வாடிக்கையாளர் நிறுவனத்தைப் பற்றி நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வெளிவந்த செய்திகளைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, இதழின் பெயரையும் பதிப்பையும் பக்க எண்ணையும் மேல்மூலையில் எழுதி, மாதக் கடைசியில் கோத்து அந்நிறுவனத்துக்கு அனுப்பும் தொகுப்பே அது. அனுப்பியது போக எஞ்சிய தாள்களும், மேலாளர் திருத்தித் திருப்பித் தந்த செய்திக்குறிப்புகளும் அடங்கிய கட்டு ஒன்று, திருத்தணியில் மலையடிவாரத் தெருவிலுள்ள ஒரு வீட்டின் பரணில் இன்னும் இருக்கிறது. அதைப் பிரித்தால் முதலில் எழுவது உலர்ந்த பசையின் புளித்த வாடை. தாளின் முன்பக்கத்தில், ஒரு நிறுவனம் புதிதாக அறிமுகப்படுத்திய பொருளின் பெருமை தட்டச்சு எழுத்தில் இருக்கிறது. அதே தாளின் பின்பக்கத்தில் நீல மையில், நெருக்கமான கையெழுத்தில், தொடர்பியல் முதுகலைத் தேர்வுக்கான குறிப்புகள் இருக்கின்றன. தாளை வீணாக்க மனம் வராத ஒரு மாணவி, அலுவலகம் கழித்துப்போட்ட தாள்களையே தம் பாடக்குறிப்பேடாக ஆக்கிக்கொண்டதால் நேர்ந்த சேர்க்கை இது. வேலையும் படிப்பும் ஒரே தாளின் இரு பக்கங்களில் நடந்த அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதற்கு அக்கட்டே போதுமான ஆதாரம்.

அம்மாணவி வேலைக்குச் சேர்ந்த காலம், நாட்டின் பொருளாதாரம் 1991க்குப் பின் தாராளமயமாகி, புதிய நிறுவனங்களும் வெளிநாட்டு வணிகப் பெயர்களும் சென்னைக்குள் வந்துகொண்டிருந்த காலம். மக்கள் தொடர்பு என்பது, ஒரு நிறுவனம் தன்னைச் சார்ந்திருக்கும் பல்வேறு மக்கள் குழுக்களோடு நல்லுறவை வளர்த்துப் பேணுவதற்காகத் திட்டமிட்டு மேற்கொள்ளும் தொடர்புப் பணி என்று பாடநூல்கள் வரையறுக்கின்றன. இந்தியாவில் டாட்டா நிறுவனம் 1943இலேயே அதற்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்துவிட்டது. 1958இல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் தோன்றியது. ஆனால் பணம் பெற்றுக்கொண்டு பல நிறுவனங்களுக்கு இப்பணியைச் செய்துதரும் ஆலோசனை நிறுவனங்கள் பெருகியது தொண்ணூறுகளில்தான். தில்லியில் ஜெனிசிஸும் பெர்ஃபெக்ட் ரிலேஷன்ஸும் 1992இல் தொடங்கியதை அத்துறையினர் ஒரு திருப்பமாகக் கருதுகின்றனர். அந்த அலையின் ஓரத்தில், சென்னையில் சில அறைகளும் ஒரு ஃபேக்ஸ் இயந்திரமும் மட்டுமே கொண்டிருந்த ஒரு சிறு நிறுவனத்தில்தான் அவருக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

இந்த வேலை இன்னது என்று திருத்தணியில் விளக்குவது எளிதாக இருக்கவில்லை. ‘பி.ஆர்.ஓ.’ என்ற எழுத்துகளைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் அவை இரண்டு பொருள்களையே தந்தன. ஒன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை சார்பாக இருக்கும் அலுவலர். மற்றொன்று, திரைப்படத்துறை. 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தின் வழியாகத் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர்பெற்ற ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன், படங்கள் பற்றிய தகவல்களையும் ஒளிப்படங்களையும் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்த்ததோடு நில்லாமல், தமிழ்த் திரையின் வரலாற்றுத் தரவுகளையே வாழ்நாள் முழுதும் சேர்த்துவைத்தவர். தகவலைப் பரப்புகிறவரே தகவலின் காவலராகவும் இருக்கலாம் என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது. எனினும் எந்தப் பாடநூலிலும் அம்மாணவி அவர் பெயரைக் காணவில்லை என்பது வருத்தத்துக்குரியது. தெருவில் பெரியவர்கள் “சினிமாவுலயாம்மா வேலை?” என்று கேட்பதும், அவர் மறுத்ததும் “அப்போ கலெக்டர் ஆபீஸா?” என்று கேட்பதும், அதற்கும் அவர் தலையசைத்து மறுத்ததும் “பரவாயில்லம்மா, அதுக்கும் ஒரு நாள் வரும்” என்று வாழ்த்திவிட்டுப் போவதும் வழக்கமாக இருந்தன.

வேலைக்குச் சேர்ந்த பின்னும் அவர் படிப்பை விடாததற்குக் காரணம், வேலையில் மேலே செல்ல முதுகலைப் பட்டம் உதவும் என்ற எண்ணம் மட்டுமன்று; படிப்பின்மீது அவருக்கிருந்த ஆசையும்தான். இதழியலும் தொடர்பியலும் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும் இதழியல் கல்வியைத் தொடங்கின. சேப்பாக்கத்தில் கடற்காற்று வீசும் அவ்வளாகத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் உள்ளே சென்று முழுநேரம் படிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. வீட்டுநிலை அதற்கு இடந்தரவில்லை. ஆகவே வேறொரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தார். பாடங்களை அஞ்சலில் அனுப்பி, வார இறுதிகளில் மட்டும் ஆசிரியரை நேரில் சந்திக்கவைக்கும் முறை அது. அச்சந்திப்புகள் ‘கான்டாக்ட் கிளாஸ்’ என்று வழங்கப்பட்டன. பழுப்புநிற உறையில் பாடக்கட்டு வந்துசேரும் நாளில், அதைப் பெற்றுக்கொள்ள வீட்டில் எவரேனும் இருந்தாக வேண்டும் என்பதும், அஞ்சல்காரர் “காலேஜ் வந்திருக்கு” என்று குரல்கொடுப்பதும் அப்படிப்பின் பகுதிகள்.

உண்மையில் படிப்பு நடந்த இடம் ரயில். திருத்தணிக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். மின்தொடர் வண்டி திருத்தணியிலேயே புறப்படுவதால் உட்கார இடம் உறுதி. அரக்கோணத்தில் கூட்டம் ஏறும்; திருவாலங்காடு, கடம்பத்தூர், திருவள்ளூர் என்று நெருக்கம் கூடிக்கொண்டே போய், ஆவடியில் கதவருகே நிற்பவர்களுக்கும் இடமிராது. மகளிர் பெட்டியில் பள்ளி ஆசிரியைகளும், தலைமைச் செயலக எழுத்தர்களும், ஏற்றுமதி ஆடை நிறுவனங்களுக்குச் செல்லும் பெண்களும், கூடைகளோடு பூ வியாபாரிகளும் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொள்வர். அப்பெட்டியை அமைதிக்குப் பெயர்போனது என்று எவரும் சொல்ல முடியாது. கனகாம்பரமும் மல்லியும் மடியில் குவிய, கைகள் தாமாகத் தொடுத்துக்கொண்டிருக்க, வாய் குடும்பக் கதையைப் பேசும். மாலையில் திரும்பும்போது அவரைக்காயும் கீரையும் அங்கேயே ஆய்ந்து முடிக்கப்படும். அதற்கிடையே ஒரு பெண் தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் தலைகவிழ்ந்திருப்பது பெட்டியிலுள்ளோரின் பொதுக்கவலையாயிற்று. “படிச்சதை வாய்விட்டுச் சொல்லும்மா, அப்பத்தான் மனசுல நிக்கும், நாங்களும் கேட்டுக்கிறோம்” என்று மூத்த எழுத்தர் ஒருவர் சொல்லப்போக, பரீட்சை நெருங்கும் வாரங்களில் திருநின்றவூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையே தொடர்பியல் கோட்பாடுகள் தமிழில் சொல்லப்பட்டன. தமக்குப் புரியாததை அக்காமார்களுக்குப் புரியவைக்க முடியாது என்பதால், ஒவ்வொரு கோட்பாட்டையும் அவர் முந்தின இரவே தமிழில் யோசித்துவைக்க வேண்டியிருந்தது.

அவ்வாறு சொல்லப்பட்டவற்றுள் பெட்டியினர் மிகவும் விரும்பிக் கேட்டது ஒரு ரயில் விபத்தின் வரலாறு. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் வண்டி ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்துகளை மூடிமறைப்பதே அந்நாளைய ரயில் நிறுவனங்களின் வழக்கம். ஆனால் அந்நிறுவனத்துக்குப் பணிபுரிந்த ஐவி லீ என்பவர், நடந்ததை நிறுவனத்தின் சார்பிலேயே எழுதிப் பத்திரிகைகளுக்குத் தந்தார். செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். அக்குறிப்பை நியூயார்க் டைம்ஸ் அப்படியே வெளியிட்டது. பத்திரிகைகளுக்கென எழுதி வழங்கப்படும் ‘பிரஸ் ரிலீஸ்’ என்னும் செய்திக்குறிப்பு இவ்வாறு பிறந்ததென்றே துறை வரலாறு கூறுகிறது. இதைக் கேட்டுமுடித்த ஆசிரியை ஒருவர் எழுப்பிய ஐயம் பாடநூலில் இல்லாதது: இறந்தவர்களின் வீட்டாரிடம் முதலில் சொன்னார்களா, பத்திரிகையிடம் முதலில் சொன்னார்களா? நெருக்கடிக்காலத் தொடர்பியல் என்று இன்று தனித்தாளாகக் கற்பிக்கப்படும் பாடத்தின் மையமே அக்கேள்விதான்.

அலுவலகத்தின் பகல்கள் வேறுவகையானவை. செய்திக்குறிப்பு முடிவானதும் நிறுவன முகப்புத்தாளில் படியெடுத்து, உறையிலிட்டு, ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமாக நேரில் கொண்டுபோய்த் தருவது ‘ரவுண்ட்ஸ்’ எனப்பட்டது. அண்ணா சாலையில் தி இந்து, வேப்பேரியில் தினத்தந்தி என்று பேருந்து மாறி மாறிச் சென்று, செய்தியாசிரியரின் மேசையில் உறையை வைக்கும் அந்தச் சில நொடிகளில் பெயரையும் நிறுவனத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் நாளிதழ்களுக்கு ஆங்கிலக் குறிப்பையே அனுப்பும் வழக்கம் அப்போது பரவலாக இருந்தது. அதை மொழிபெயர்க்கும் பொறுப்பு உதவியாசிரியரின் தலையில் விழும். இரவு ரயிலில் தமிழாக்கத்தைத் தாமே எழுதி மறுநாள் இணைத்துத் தரத் தொடங்கிய பின்னர், தமிழ் நாளிதழ்களில் அவருடைய குறிப்புகள் வெளிவருவது கூடியது. பெரிய உத்தி எதுவும் அதில் இல்லை. வாங்குகிறவரின் வேலையைக் குறைத்தால் அவர் வாங்குவார்.

மாதக் கடைசி அளவீட்டின் காலம். ஒட்டிய ஒவ்வொரு நறுக்கின் ஓரத்திலும் பென்சிலால் ‘8 × 2’ போன்ற எண்கள் எழுதப்பட்டிருப்பதை அக்கட்டில் இன்றும் காணலாம். எட்டு சென்டிமீட்டர் உயரம், இரண்டு பத்தி அகலம் என்பது அதன் பொருள். இரண்டையும் பெருக்கி, அப்பத்திரிகையின் விளம்பரக் கட்டணத்தால் மீண்டும் பெருக்கினால் வரும் தொகை, விளம்பரம் கொடுத்திருந்தால் வாடிக்கையாளர் எவ்வளவு செலவழித்திருப்பார் என்பதைக் காட்டும். இதை விளம்பர மதிப்பு நிகர் என்பர். மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இத்தொகையே. அதே வாரங்களில் அதே மாணவி படித்துக்கொண்டிருந்ததோ ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹண்ட் ஆகியோர் 1984இல் முன்வைத்த நான்கு மாதிரிகளை. எப்படியாவது பெயர் அடிபட்டால் போதும் என்னும் விளம்பரவகை. உண்மைத் தகவலை ஒருவழியாக வழங்கும் வகை. மக்களின் மனத்தை ஆராய்ந்து, அவ்வறிவைக்கொண்டு அவர்களை இணங்கவைக்கும் வகை. மக்கள் சொல்வதைக் கேட்டு நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்ள முன்வரும் இருவழிச் சமநிலை வகை. தாளின் பின்பக்கம் நான்காவது வகையைப் போற்ற, முன்பக்கம் அளவுகோலோடு முதல் வகையிலேயே நின்றது. அச்செய்தியைப் படித்தவர் எத்தனை பேர், படித்தவர் என்ன நினைத்தார், நினைத்தவர் என்ன செய்தார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பெருக்கற்கணக்கு விடை சொல்லாது. பல ஆண்டுகளுக்குப் பின், 2010இல் பார்சிலோனாவில் கூடிய தொடர்பு அளவீட்டு வல்லுநர்கள், விளம்பர மதிப்பு நிகர் மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று வெளிப்படையாக அறிவித்தனர். தொலைநிலைப் பாடக்கட்டைப் படித்த பயிற்சியாளர்கள் பலரின் மனத்தில் அந்த ஐயம் அதற்கு வெகு முன்னரே எழுந்திருக்க வேண்டும்.

வேலைக்கும் படிப்புக்கும் இடையே இழுபறி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பத்திரிகையாளர் சந்திப்புகள் பெரும்பாலும் மாலையில் நடக்கும். முடிந்து சென்ட்ரலுக்கு வரும்போது திருத்தணி வரை செல்லும் கடைசி வண்டி போயிருந்தால் அரக்கோணத்தில் இறங்கிப் பேருந்துக்காக நிற்க வேண்டும். எதிர்பாராத ஒரு நிகழ்ச்சி வந்து நேர்முக வகுப்பு தவறும். தேர்வுக்கு விடுப்புக் கேட்டால், வேலைக்கு வந்தபின் படிப்பு எதற்கு என்று கேட்கும் மனப்பான்மை அந்நாளைய அலுவலகங்களில் பொதுவாகவே இருந்தது. படிப்பை ஊழியரின் சொந்த ஆசையாகவே கருதினர். எழும்பூர் கன்னிமாரா நூலகம் மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. 1896இல் திறக்கப்பட்டு, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி சட்டப்படி வந்துசேரும் நான்கு நூலகங்களுள் ஒன்றாக விளங்கும் அங்கே, ரவுண்ட்ஸ் சீக்கிரம் முடிந்த பிற்பகல்களில் கிடைத்த நேரமே அவருடைய ஆய்வேட்டுக்கு வித்திட்டது.

ஆய்வேட்டுப் பொருள் வீட்டு வாசலிலேயே இருந்தது. அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக்கிருத்திகையன்று பூக்காவடிகள் தெருக்களை நிறைக்கும். சரவணப் பொய்கையில் தெப்பம் நடைபெறும். சென்னையிலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் வருவோர்க்கு நிகராகச் சித்தூர், புத்தூர், நகரி என்று ஆந்திரத்திலிருந்தும் மக்கள் திரள்வர். ஒலிபெருக்கியில் தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஒலிக்கும். குழந்தையைத் தவறவிட்டவர், பையைத் தொலைத்தவர், பேருந்து எங்கே நிற்கிறதென்று தெரியாதவர் என எல்லோருக்கும் இரு மொழிகளில் பதில் சொல்லும் அந்த அறிவிப்புச் சாவடி, எல்லையூர் ஒன்றின் இயல்பான தொடர்பு நிலையம். இந்த இருமொழித்தன்மைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களுள் முதன்மையான ம.பொ.சி., இளமையில் அச்சுக்கோப்பாளராகப் பணிபுரிந்தவர். எழுத்தும் மேடையும் கொண்டு மக்கள் கருத்தைத் திரட்டுவது எப்படி என்பதற்கு அவர் நடத்திய எல்லைப் போராட்டம் ஒரு பாடநூல் அளவுக்கு விரியும். அக்காலத்துக் கூட்டங்களை நேரில் கண்ட முதியவர்கள் மலையடிவாரத் திண்ணைகளில் அப்போதும் இருந்தனர்; ஆய்வு நேர்காணலுக்குப் போன மாணவியிடம், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அக்கதையையே மணிக்கணக்கில் சொன்னவர்களும் உண்டு.

விழாக்காலத்தில் பக்தர்கள் தங்களுக்கு வேண்டிய தகவலை எங்கிருந்து பெறுகிறார்கள் என்பதே அவருடைய ஆய்வுக் கேள்வி. சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும் ஊரெங்கும் இருந்தன. ஆனால் காவடியோடு வந்தவர்களைக் கேட்டபோது, எந்தத் தெருவழியாகப் போவது, எங்கே மொட்டையடிப்பது, எப்போது திரும்புவது என்பவற்றைப் பெரும்பாலோர் தங்கள் குழுவின் குருசாமி சொல்லியே அறிந்திருந்தனர். குருசாமியோ முந்தின ஆண்டு அனுபவத்திலிருந்தும், வழக்கமாகத் தங்கும் சத்திரத்துக்காரரிடமிருந்தும், தேநீர்க்கடைக்காரரிடமிருந்தும் அறிந்திருந்தார். 1940ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலை ஒஹாயோ மாநிலத்தில் ஆராய்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும், ஊடகச் செய்தி நேராக மக்களைச் சென்றடைவதைவிடச் சுற்றத்தாரால் மதிக்கப்படும் சிலரை முதலில் அடைந்து, அவர்கள் வழியாகவே மற்றவர்களிடம் பரவுகிறது என்று கண்டனர். இருபடிப் பாய்வு என்று இதைச் சொல்வர். இடையில் நிற்பவரைக் கருத்துத் தலைவர் என்பர். ஒஹாயோவின் கருத்துத் தலைவர் திருத்தணியில் மஞ்சள் வேட்டியும் உருத்திராட்சமும் அணிந்து, கையில் பிரம்போடு, இளையவர்களின் செருப்பைக்கூடக் கணக்கிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். கோட்பாடு ஒன்று தன் ஊர்த் தெருவில் உயிரோடு நடமாடக் காண்பது, வாழ்க்கையில் ஒரு மாணவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மகிழ்ச்சிகளுள் ஒன்று.

அந்த மகிழ்ச்சி ஆய்வேட்டோடு நின்றுவிடவில்லை. அலுவலகத்தின் வாடிக்கையாளரான மருத்துவமனை ஒன்று, பொதட்டூர்பேட்டைப் பக்கத்து விசைத்தறி நெசவாளர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்த முன்வந்தபோது, வழக்கம்போலச் செய்திக்குறிப்பு தயாரிக்கும் வேலை அம்மாணவியிடம் வந்தது. குறிப்பு ஒன்று எழுதப்பட்டது. ஆனால் அதற்கு முன் அவர் தறிக்கூடங்களுக்கு நேரில் சென்று வர இசைவு கேட்டார். தறியின் இரைச்சலில் பேச்சே கேட்காத அந்தக் கூடங்களில், சாயங்காலத் தேநீர் வேளையில்தான் பேச முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்திருந்த முகாமுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டபோது, ஒரு மூத்த நெசவாளர், பாவு முடிந்து துணி ஒப்படைக்கும் கணக்கே தங்களுக்கு விடுமுறையை முடிவு செய்வதாகவும், கண்ணாடி எழுதித் தந்தால் அதை வாங்கக் காசுக்கு எங்கே போவது என்பதே எல்லோருடைய தயக்கம் என்றும் விளக்கினார். இக்கேள்விகள் ஒரு தாளில் வரிசையாக எழுதப்பட்டு மருத்துவமனைக்குச் சென்றன. முகாம் நாள் மாற்றப்பட்டது. கண்ணாடியும் இலவசம் என்று முடிவாயிற்று. அறிவிப்பு தமிழிலும் தெலுங்கிலும் தறி உரிமையாளர்கள் வாயிலாகவும் பள்ளித் தலைமையாசிரியர் வாயிலாகவும் சொல்லப்பட்டது. முகாமன்று பள்ளித் திடலில் வரிசை நீண்டது. நாளிதழில் வந்த செய்தியோ பென்சில் கணக்கில் சிறிய எண். ஆகவே அம்மாத அறிக்கையில், நெசவாளர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றால் மாறிய முடிவுகளும் அடங்கிய தாள் ஒன்று, நறுக்குகளுக்கு முன்னால் வைத்துத் தைக்கப்பட்டது. நான்காவது மாதிரி என்று தேர்வுத்தாளில் எழுதுவதைச் செய்து பார்க்க ஒரு வேலையும், வேலையில் செய்ததற்குப் பெயர் சொல்ல ஒரு படிப்பும் ஒரே சமயத்தில் வாய்த்ததால் நடந்தது இது. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்கியிருந்தால் அந்தத் தாள் எழுதப்பட்டிருக்காது என்றே கருத வேண்டியிருக்கிறது.

இன்று ரவுண்ட்ஸ் இல்லை. செய்திக்குறிப்பு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நொடியில் போய்ச்சேர்கிறது. நறுக்குகளைக் கணினியே தேடித் தொகுக்கிறது. இணையவழி முதுகலைப் படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் விதிமுறைகள் வகுத்துள்ளது. இரண்டு பட்டங்களை ஒருசேரப் படிக்கவும் 2022இல் இசைவளித்திருக்கிறது. திருத்தணி வண்டியின் மகளிர் பெட்டியிலும் காதில் இயர்போனோடு பாடம் கேட்கும் பெண்கள் இருக்கின்றனர். ஆனால் பக்கத்திலிருப்பவர் “படிச்சதைச் சொல்லும்மா” என்று கேட்பதற்கு அங்கே வாய்ப்பில்லை. அது சிறிய இழப்பன்று என்பதை அப்பெட்டியில் படித்தவர்கள் அறிவர்.

அம்மாணவி இப்போது அதே துறையில் மூத்த நிலையில் இருக்கிறார். அவர் பொறுப்பிலுள்ள பிரிவில் புதிதாகச் சேர்வோர் பலர் படித்துக்கொண்டே வேலை செய்பவர்கள். அவர்களுக்குத் தேர்வு நாள்களில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ஆய்வேட்டுக்கு ஒரு வாடிக்கையாளரின் களத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக அவர்களிடம் கேட்கப்படுவது ஒன்றே: எந்தச் செய்திக்குறிப்பை எழுதுவதற்கு முன்பும், அச்செய்தி யாருக்காகவோ அவர்களுள் சிலரை நேரில் கண்டு பேசி, அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொண்டுவர வேண்டும்.